பிராதைக் கேட்பவர் யார்?

1854ஆம் ஆண்டின் பிற்பகுதியில், சென்னை ராஜதானியின் தமிழ் ஜில்லாக்களிலிருந்தும் தெலுங்கு ஜில்லாக்களிலிருந்தும், வரி பாக்கிக்காகவும் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காகவும் சர்க்கார் சிப்பந்திகளின் கையில் அடிபட்டவர்கள், தங்கள் குறையைச் சொல்லிக்கொள்ள முதன்முறையாக ஓர் இடம் ஏற்பட்டிருக்கிறது என்ற சேதியைக் கேட்டு, சென்னைப் பட்டணத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்படுவதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்த காலம் அது. வர இயலாதவர்கள் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுதி அனுப்பினார்கள். கடிதமாக வந்த பிராதுகள் 1,440; நேரில் வந்து நின்று சொன்னவர்கள் 519 பேர். ஆக 1,959 பிராதுகள், அதுவரை யாரும் கேட்டறியாத சங்கதிகளைச் சுமந்துகொண்டு, மூன்று பேர் அடங்கிய ஒரு கமிஷனின் முன் வந்து சேர்ந்தன.

அந்தக் கமிஷனைக் கிழக்கிந்தியக் கம்பெனி சர்க்கார் தானாக மனமுவந்து நியமித்துவிடவில்லை. 'கிரெசென்ட்' என்ற பத்திரிகையை நடத்திவந்தவரும், 1852இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை ஸ்தாபித்துக் கம்பெனி ஆட்சியின் குறைகளைப் பார்லிமெண்டுக்கு மகஜராக எழுதி அனுப்பியவருமான காஜுலு லட்சுமிநரசு செட்டியார், மறு வருஷம் இந்தியாவைப் பார்க்க வந்த டான்பி சீமோர் என்ற பார்லிமெண்டு அங்கத்தினரை ஜில்லாக்களுக்கு அழைத்துக்கொண்டு போய், குடியானவர்கள் பட்ட பாட்டை அவர்கள் வாயாலேயே கேட்கும்படி செய்தார். சீமோர் தம் ஊருக்குத் திரும்பி, 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் இவ்விஷயத்தைக் கிளப்பியபோது அங்கே ஏற்பட்ட சங்கடத்தின் விளைவாகத்தான் சென்னையில் விசாரணை உத்தரவாயிற்று. சென்னை நகரத்தின் தலைமை மாஜிஸ்ட்ரேட்டும் போலீஸ் சூப்பரின்டெண்டென்டுமாக இருந்த எலியட், சிவில் உத்தியோகஸ்தரான ஸ்டோக்ஸ், கம்பெனியின் நியாய பரிபாலனத்தைத் தயவு தாட்சணியமின்றிக் கண்டித்து எழுதிவந்த பாரிஸ்டர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரும் கமிஷனில் அமர்ந்தார்கள். பெசன்ட் நகர்க் கடற்கரைக்குத் தம் பெயரை விட்டுச்சென்ற எலியட் இவரேதான். மூவரில் ஒருவர் போலீஸ் அதிகாரி என்பது உண்மையே. ஆயினும் பக்கத்தில் நார்ட்டனைப் போன்ற ஒரு வெளியார் அமர்ந்திருந்தமையால்தான் அந்த அறிக்கைக்கு அத்தனை முதுகெலும்பு உண்டாயிற்று என்பது என் அபிப்பிராயம்.

1855இல் வெளிவந்த அறிக்கையில் வருகின்ற கொடுமைகளின் பெயர்களைப் படிக்கும்போதே உடம்பு நடுங்கும். விரல்களை மரச் சட்டங்களுக்கிடையே வைத்து நெருக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டி மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும் அண்ணாந்தாள், முதுகில் கல்லேற்றி வெயிலில் நிறுத்துவது, கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவது என்று அந்த ஜாபிதா நீண்டுகொண்டே போகிறது. ஆனால் கமிஷனர்களை மிகுதியும் வேதனைப்படுத்தியது, துன்பப்பட்டவனுக்குப் பரிகாரம் தேடிக்கொள்வதற்கு வழியே இல்லாதிருந்த நிலைமை. 1816ஆம் ஆண்டின் ரெகுலேஷன்படி வரி வசூலிக்கிற தாசில்தாரே தாலுகாவின் போலீஸ் தலைவராகவும் இருந்தார்; அவருடைய சேவகர்கள் அடித்தார்கள் என்று பிராது கொடுக்க வேண்டுமானால் அவரிடமேதான் கொடுக்க வேண்டும்; அவருக்கும் மேலே உள்ள கலெக்டரிடம் போவதற்கு நாட்கணக்கில் நடக்க வேண்டும்; நடந்து போனாலும் மனு விசாரணைக்காக அந்தத் தாசில்தாரிடமே திரும்பி வந்துவிடும். அடித்தவனிடமே போய் அடித்ததைச் சொல்ல வேண்டியிருந்தமையால் ஜனங்கள் சொல்லாமலே சகித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவேதான், வேறொருவர் கேட்கத் தயாராயிருக்கிறார் என்று தெரிந்த மாத்திரத்தில் அத்தனை பேர் புறப்பட்டு வந்தார்கள்.

அதன் பலனாக 1859இல் சென்னை ராஜதானிக்கென்று தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வசூலும் போலீஸ் வேலையும் வெவ்வேறு கைகளுக்குப் பிரிந்தன. அதை முன்மாதிரியாகக் கொண்டு 1861இல் இந்தியா முழுவதற்குமான போலீஸ் சட்டம் இயற்றப்பட்டது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நியாயஸ்தலத்தில் சாட்சியமாக நிரூபிக்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவில் இடம்பெற்று, இப்போது புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கின்ற விதி, அந்தத் தலைமுறையின் அனுபவத்தில் விளைந்தது. இவ்வளவும் நடந்தது; பிராதைக் கேட்பதற்கு நிரந்தரமான ஓர் இடம் மட்டும் ஏற்படவில்லை. வேலை முடிந்தவுடன் கமிஷன் கலைந்துவிட்டது.

திரும்பி வரும் மனு

இன்றைய சென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநர், இரவு வாகனச் சோதனையில் வாய்த் தகராறு ஏற்பட்டு, போலீஸ்காரர் ஒருவரால் கன்னத்தில் அறையப்பட்டு, ஸ்டேஷனுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, விடியும்வரை வெறும் உடம்போடு உட்காரவைக்கப்பட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கை முறியவில்லை, ரத்தம் சிந்தவில்லை, பத்திரிகைக்காரர்கள் வரவில்லை. மறுநாள் அவர் அதே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தால், ஸ்டேஷன் ரைட்டர் வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகையால் தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவரைக் கொண்டு ஒரு மனுவைத் தட்டச்சு செய்து, போலீஸ் கமிஷனருக்கு ஒன்று, டி.ஜி.பி.க்கு ஒன்று, முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு ஒன்று, மனித உரிமை ஆணையத்துக்கு ஒன்று என்று பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டைகள் திரும்பி வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வேப்பேரியில் கமிஷனர் அலுவலகத்துக்குப் போன மனு அங்கேயே தங்கிவிடுவதில்லை. இணை கமிஷனர், துணை கமிஷனர், உதவி கமிஷனர் என்று ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு மேசையிலும் ஒரு முத்திரையும் ஒரு கையெழுத்தும் பெற்று, 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்புடன் இறங்கி வந்து, கடைசியில் எந்த ஸ்டேஷனைப் பற்றி எழுதப்பட்டதோ அந்த ஸ்டேஷனின் இன்ஸ்பெக்டர் மேசையிலோ, மிகவும் அதிர்ஷ்டமிருந்தால் பக்கத்து ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் மேசையிலோ வந்து விழும். ஒருநாள் அந்த ஓட்டுநருக்குப் போன் வரும். "உங்க மனு வந்திருக்குங்க, ஆதார் கார்டு எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க." அவர் போய், அன்றிரவு தாம் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் உட்காருவார். ஏட்டு பரிவோடுதான் பேசுவார். "அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு, நீங்களும் வண்டி ஓட்டிப் பிழைக்கணும், நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா இந்த ஸ்டேஷனுக்குத்தானே வரணும்?" என்று சொல்லி வெள்ளைக் காகிதம் ஒன்றை நீட்டுவார். இம்மனு தொடர்பாக மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டவுடன், மனு எந்த வழியாக இறங்கி வந்ததோ அதே வழியாக ஏறிப் போய், 'மனுதாரர் எழுதிக் கொடுத்ததன் பேரில் முடிக்கப்பட்டது' என்று பதிவாகும். 1855ஆம் ஆண்டுக் கமிஷனர்கள் தாசில்தாரிடம் திரும்பி வரும் மனுவைப் பற்றி எழுதியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்க்கிறவர்களுக்கு மனம் கனக்காமல் இராது.

மனுக்களைப் பொறுமையாக வாசித்து நேர்மையாக விசாரிக்கிற உத்தியோகஸ்தர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, இருக்கிறார்கள், அவர்களில் சிலர் சகாக்களின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டும் தங்கள் கடமையைச் செய்கிறார்கள். ஆனால் ஒரு பிரஜைக்கு நியாயம் கிடைப்பது அவன் மனு நல்லவர் ஒருவரின் மேசையில் போய் விழுவதைப் பொறுத்திருக்குமானால், அதற்கு ஏற்பாடு என்ற பெயர் பொருந்தாது.

சட்டப் புத்தகத்தில் வழிகள் இல்லாமலும் இல்லை. போலீஸார் கையில் ஒருவர் இறந்தாலோ கொடுங்காயம் அடைந்தாலோ ஆர்.டி.ஓ. விசாரணை நடத்த வேண்டும் என்கிறது தமிழகப் போலீஸ் நிலையாணை 151. காவலில் இறந்தால் நீதித்துறை மாஜிஸ்ட்ரேட்டே விசாரிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்தது. 1997இல் ஏற்பட்ட மாநில மனித உரிமை ஆணையம் கிரீன்வேஸ் சாலைப் பக்கம் 'திருவரங்கம்' என்ற கட்டடத்தில் இயங்குகிறது. அதன் பரிந்துரைகள் சர்க்காரைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்து அதற்குப் பலமும் சேர்த்திருக்கிறது. ஆயினும் அந்த ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவு, போலீஸ் இலாகாவிலிருந்தே அனுப்பப்படுகிற அதிகாரிகளைக் கொண்டது. சம்பவம் நடந்து ஒரு வருஷம் கடந்துவிட்டால் அது பிராதை ஏற்கவும் இயலாது. மற்ற இரு வழிகளும் மரணத்தையோ மரணத்துக்கு அருகில் வந்த காயத்தையோ எதிர்பார்த்து நிற்பவை. அறைபட்டவனுக்கு, ஆபாசமாகத் திட்டப்பட்ட பெண்ணுக்கு, பணம் பறிக்கப்பட்ட நடைபாதை வியாபாரிக்கு, புகாரை வாங்க மறுத்துத் துரத்தப்பட்ட கிழவிக்கு இந்த வழிகளால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

மரணம் நேரும்போது மட்டும் ராஜ்யமே விழித்துக்கொள்கிறது. 2020 ஜூன் 19ஆம் தேதி, ஊரடங்கு நேரத்துக்கு மேல் செல்போன் கடையைத் திறந்துவைத்திருந்தார்கள் என்று சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் கோவில்பட்டிக் கிளைச்சிறைக்கு அனுப்பப்பட்டு, 22ஆம் தேதி மகனும் 23ஆம் தேதி தந்தையும் இறந்துபோனார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட்டையே ஸ்டேஷனில் இருந்தவர்கள் அவமதித்தார்கள். அதைக் கேட்ட உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்த ஸ்டேஷனை வருவாய்த்துறையின் பொறுப்பில் கொண்டுவரும்படி உத்தரவிட்டது. போலீஸிடமிருந்து வரி வசூலைப் பிரித்தெடுத்த சீர்திருத்தத்துக்கு நூற்றறுபது வருஷங்களுக்குப் பின், போலீஸ் ஸ்டேஷன் ஒன்றைத் தாசில்தார் காவல் காக்க வேண்டிய நிலை வந்தது. கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் சேமிப்பில் இடமிருந்தும் தினந்தோறும் தாமாகவே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தன என்று மாஜிஸ்ட்ரேட் எழுதினார். அன்றிரவு நடந்ததைச் சொல்ல முன்வந்த ஒரே பெண் தலைமைக் காவலர், வெளியே கூடி நின்ற தம் சகாக்களுக்கு அஞ்சியபடியே வாக்குமூலம் கொடுத்தார். பிறகு அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க நியாயஸ்தலமே உத்தரவிட வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்லும் போலீஸாருக்கும் ஒதுங்கி நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

2022 ஏப்ரலில் சென்னையிலேயே, தலைமைச் செயலகக் காலனி ஸ்டேஷனில், இரவு வாகனச் சோதனையில் பிடிபட்ட இளைஞர் ஒருவர் மறுநாள் இறந்தார், சி.பி.சி.ஐ.டி. விசாரணையில் போலீஸார் கைதானார்கள். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயிலின் காவலாளி ஒருவர், நகை காணவில்லை என்ற புகாரின் பேரில் தனிப்படையினரால் விசாரிக்கப்பட்டு மாண்டார். அவர் உடம்பில் 40க்கும் மேற்பட்ட காயங்கள் இருந்தன. ஒவ்வொரு தடவையும் விசாரணை மாற்றப்பட்டது, நஷ்டஈடு அறிவிக்கப்பட்டது. இத்தகைய மரணங்கள் திடீரென்று ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. முதல் அறைக்கும் கடைசி அடிக்கும் நடுவே, கேட்கப்படாமல் முடித்துவைக்கப்பட்ட எத்தனையோ சின்னச் சின்ன மனுக்கள் கிடக்கின்றன. அவற்றை ஒருவர் ஒழுங்காகக் கேட்டு, ஒரே ஸ்டேஷனைப் பற்றி, ஒரே மனிதரைப் பற்றி வருகின்ற பிராதுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்திருந்தால், அபாயம் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

உத்தரவும் சட்டமும்

இதை அறிந்துதான் 1977இல் தர்ம வீரா தலைமையில் அமைந்த தேசியப் போலீஸ் கமிஷன், 1979இல் கொடுத்த தன் முதல் அறிக்கையிலேயே போலீஸார்மீதான பிராதுகளை விசாரிக்கும் முறையைப் பற்றி எழுதிற்று. அதன் எட்டு அறிக்கைகளும் அலமாரியில் உறங்கின. உத்தரப் பிரதேசத்தில் டி.ஜி.பி.யாகவும் எல்லைப் பாதுகாப்புப் படையின் தலைவராகவும் இருந்து ஓய்வுபெற்ற பிரகாஷ் சிங், 1996இல் சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டினார். பத்து வருஷம் கழித்து, 2006 செப்டம்பர் 22ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அதிலிருந்த ஏழு கட்டளைகளில் ஆறாவது, மாநிலத்துக்கு ஒன்றும் ஜில்லாவுக்கு ஒன்றுமாகப் போலீஸ் புகார் ஆணையங்களை அமைக்கச் சொல்லுகிறது. மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற சுப்ரீம் கோர்ட்டு அல்லது ஹைகோர்ட்டு நீதிபதியும், ஜில்லா ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற ஜில்லா நீதிபதியும் தலைவர். அவர்களைத் தலைமை நீதிபதி தரும் பட்டியலிலிருந்தே சர்க்கார் பொறுக்க வேண்டும். மற்ற அங்கத்தினர்களின் பட்டியலை மனித உரிமை ஆணையமும் லோகாயுக்தாவும் சர்வீஸ் கமிஷனும் தயாரிக்க வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை சம்பந்தப்பட்ட அதிகாரியைக் கட்டுப்படுத்தும். போலீஸ் உத்தியோகத்திலேயே ஆயுளைக் கழித்த ஒருவர் இதைக் கேட்டு வாங்கினார் என்பதை, இத்தகைய ஆணையம் போலீஸுக்கு விரோதமானது என்று சொல்லுகிறவர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு இதற்கு என்ன செய்தது? 2013இல் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் என்ற பெயரில் ஒரு சட்டம் இயற்றிற்று. அதிலே புகார் ஆணையம் உண்டு. மாநில ஆணையமும் உண்டு, ஜில்லா ஆணையமும் உண்டு. மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், அங்கத்தினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்குக் கூடுதல் டி.ஜி.பி.யும். ஜில்லா ஆணையத்தின் தலைவர் கலெக்டர். உடன் அமர்பவர்களில் ஜில்லாப் போலீஸ் சூப்பரின்டெண்டென்டும் உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி எங்கே? தலைமை நீதிபதியின் பட்டியல் எங்கே? வெளியார் ஒருவராவது உண்டா? கட்டளையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உயிரை விட்டுவிட்டார்கள். பிராது எந்த இலாகாவின் மேலோ அந்த இலாகாவின் மந்திராலோசனைச் சபையே பிராதைக் கேட்கும் நியாயஸ்தலமாகவும் ஆயிற்று. இதைவிட வருத்தம் தரும் விஷயம் ஒன்றுண்டு. கலெக்டரின் கையில் வரியும் போலீஸும் சேர்ந்திருந்ததே கொடுமைக்கு வேர் என்று எந்தச் சென்னையில் 1855இல் எழுதினார்களோ, அதே சென்னையில், 1859இல் பிரிக்கப்பட்ட அந்த இரண்டு கைகளையும் பிராது கேட்கும் ஒரே மேசைக்குப் பின்னால் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பக்கத்திலே கேரளத்தில் ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் ஆணையங்கள் அமைந்திருக்கும்போது, நமக்கு மட்டும் அது ஆகாத காரியமென்று எப்படிச் சொல்வது?

கடலுக்கு அப்பால் ஒரு நகரம்

சென்னைக் கமிஷனின் அறிக்கையைப் பற்றி 1857 செப்டம்பரில் கட்டுரை ஒன்று 'நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்' பத்திரிகையில் வெளிவந்தது. எழுதியவர் கார்ல் மார்க்ஸ். சென்னை ராஜதானியில் குடியானவர்கள் பட்ட பாட்டைப் பற்றி வாசித்த அந்த நியூயார்க் நகரமே, பிற்காலத்தில் தன் போலீஸின்மேல் பிராது சொல்ல ஓர் இடம் கேட்டு நாற்பது வருஷம் போராடிற்று என்பது நாம் அறிந்துகொள்ள வேண்டிய சரித்திரம்.

அங்கே 1953இல் ஏற்பட்ட புகார் மறுபரிசீலனைச் சபையில் அமர்ந்தவர்கள் போலீஸ் இலாகாவின் துணை கமிஷனர்களே. 1966இல் மேயர் ஜான் லிண்ட்சே, மூன்று போலீஸ் அங்கத்தினர்களோடு நான்கு பொதுமக்களைச் சேர்த்தார். உடனே போலீஸ்காரர்களின் சங்கம் கையெழுத்துச் சேகரித்து, இதைப் பொதுஜன வாக்கெடுப்புக்குக் கொண்டுபோயிற்று. சுரங்க ரயில் நிலையத்திலிருந்து இரவில் தனியாக வெளிவரும் ஓர் இளம்பெண்ணின் படத்தைப் போட்டு, சபை இருந்தால் இவளைக் காப்பாற்றப் போலீஸ்காரர் தயங்குவார் என்று ஊரெங்கும் விளம்பரம் செய்தார்கள். பயம் ஜெயித்தது, நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 63 பேர் பொதுமக்கள் அங்கத்துவத்தை ஒழித்துக்கட்ட வாக்களித்தார்கள். அந்நகரின் முதல் கறுப்பின மேயரான டேவிட் டிங்கின்ஸ் 1992இல் மறுபடியும் முயன்றபோது, செப்டம்பர் 16ஆம் தேதி பணியில் இல்லாத ஆயிரக்கணக்கான போலீஸார் நகர மண்டபத்தைச் சூழ்ந்துகொண்டு, புரூக்ளின் பாலத்தையும் மறித்தார்கள். சட்டத்தைக் காக்க வேண்டியவர்களின் அந்த நடத்தையே சபையின் அவசியத்தை ஜனங்களுக்கு எடுத்துக் காட்டிற்று. 1993இல் முற்றிலும் பொதுமக்களாலான சபை பிறந்தது.

இப்போது அதில் 15 அங்கத்தினர்கள்: மேயர் தரப்பில் ஐவர், நகர சபை தரப்பில் ஐவர், போலீஸ் கமிஷனர் பெயர் சொல்லும் மூவர், மக்கள் வழக்காடுநர் நியமிக்கும் ஒருவர், மேயரும் நகர சபைத் தலைவரும் சேர்ந்து நியமிக்கும் தலைவர். போலீஸ் கமிஷனர் அனுப்புகிற மூவரைத் தவிர மற்றவர்களுக்குப் போலீஸ் உத்தியோக அனுபவம் இருக்கக் கூடாது. பலாத்காரம், அதிகாரத் துஷ்பிரயோகம், மரியாதைக் குறைவு, இழிசொல் ஆகியவற்றை விசாரிப்பதற்கென்று உருவான சபை அது. மரியாதைக் குறைவையும் இழிசொல்லையும் தனித்தனிக் குற்றமாக வைத்துக் கேட்கிறார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். யாரும் சாக வேண்டியதில்லை. சபைக்குப் போலீஸ் அல்லாத சொந்தப் புலனாய்வாளர்கள் உண்டு; சாட்சிகளையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம் உண்டு; அழைத்தால் போலீஸ்காரர் வந்து பதில் சொல்லியே தீர வேண்டும். 1976 முதல் போலீஸாரின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை மறைத்துவைத்திருந்த மாநிலச் சட்டப் பிரிவும், மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதன் எழுச்சியில், 2020 ஜூனில் ரத்தாயிற்று. சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் மாண்டது அதே மாதத்தில்.

இத்தனை இருந்தும் அங்கேயும் ஒரு பெருங்குறை உண்டு. தண்டனையை நிச்சயிக்கும் கடைசி வார்த்தை போலீஸ் கமிஷனருடையது. சபை பரிந்துரைக்கலாம், அவர் மறுக்கலாம். 2014 ஜூலையில் எரிக் கார்னர் என்பவர், கழுத்தை நெரித்துப் பிடித்த போலீஸ்காரரின் கையில், மூச்சுவிட முடியவில்லை என்று மீண்டும் மீண்டும் சொல்லியபடியே இறந்துபோனார். அது படமாகவும் பதிவாயிற்று. அப்படியிருந்தும் அந்தப் போலீஸ்காரரை வேலையிலிருந்து நீக்க 2019 ஆகஸ்டு வரை ஐந்து வருஷங்கள் பிடித்தன. ஆயினும் இலாகாவுக்குள் நடந்த அந்த விசாரணையில் குற்றச்சாட்டை நடத்தியவர்கள் சபையின் வக்கீல்களே. சபை இல்லாதிருந்தால் அந்த விசாரணையாவது நடந்திருக்குமா என்பது சந்தேகம். ஆகவே நியூயார்க்கிலிருந்து நாம் கற்க வேண்டியது இரண்டு: கேட்பவர் வெளியாராக இருக்க வேண்டும், கேட்டவர் சொல்லுக்கு மதிப்பும் இருக்க வேண்டும். முதலாவதை அவர்கள் அடைந்தார்கள். இரண்டாவதில் பாதி வழியில் நிற்கிறார்கள். நம் சுப்ரீம் கோர்ட்டு 2006இல் இரண்டையும் ஒரே மூச்சில் கட்டளையிட்டிருக்கிறது.

இத்தகைய ஆணையம் வந்தால் போலீஸாரின் மனோதைரியம் கெட்டுவிடும் என்று ஒரு வாதம் எப்போதும் எழும். சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இல்லாமல், பந்தோபஸ்து, பாரா, இரவு ரோந்து என்று ஓய்வறியாது உழைக்கிற கான்ஸ்டபிள்களின் கஷ்டத்தை நானும் அறிவேன். அவர்கள்மேல் வேண்டுமென்றே பொய்ப் பிராது எழுதுகிற ரௌடிகளும் கந்துவட்டிக்காரர்களும் உண்டு என்பதையும் அறிவேன். ஆனால் இப்போதிருக்கும் முறை கான்ஸ்டபிளையா காப்பாற்றுகிறது? பத்திரிகையில் படம் வந்துவிட்டால் விசாரணைக்கு முன்பே அவருக்கு ஆயுதப்படைக்கு மாற்றம், காத்திருப்போர் பட்டியல், மெமோ, இன்கிரிமென்ட் வெட்டு. இரண்டு நாளில் கேஸை முடித்தாக வேண்டும் என்று மேலேயிருந்து போனில் விரட்டியவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இராது. பாரபட்சமற்ற ஒருவர் விசாரித்தால், பொய்ப் பிராதினால் களங்கப்பட்டவர் எழுத்து மூலமாக நிரபராதியென்று பெயர் பெறுவார். உத்தரவிட்டவர் யார் என்ற கேள்வியும் முதன்முறையாகக் கேட்கப்படும். இலாகாவே விசாரித்துக் குற்றமில்லை என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. நேர்மையான போலீஸ்காரருக்கு அதைவிடப் பெரிய அநியாயம் வேறென்ன?

சென்னை நகரத்துக்கு வேண்டிய ஆணையத்தைக் கற்பனை செய்வது கடினமல்ல. அது வேப்பேரியிலும் இருக்கக் கூடாது, கோட்டைக்குள்ளும் இருக்கக் கூடாது. பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் யாரையும் கேளாமல் நுழையக்கூடிய ஒரு வீதியில், பலகை தெரிய இருக்க வேண்டும். அங்கே வாய்மொழியாகச் சொல்வதை எழுதிக்கொள்ள ஆள் வேண்டும். எழுதிய கணமே எண்ணிட்ட ரசீது கொடுக்க வேண்டும். பிராது வந்த அன்றே அந்த ஸ்டேஷனின் கேமராப் பதிவை அழியாமல் கைப்பற்றும் அதிகாரம் வேண்டும். 18 மாதங்கள், எப்படியும் ஒரு வருஷத்துக்குக் குறையாமல், பதிவைச் சேமித்துவைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருப்பதால் இது புதுக் கோரிக்கையும் அல்ல. பிராது சொன்னவரை எந்தக் காரணத்தைக் கொண்டும் அதே ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு அழைக்கலாகாது. ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில், ஒரு பெண் அங்கத்தினரேனும், தாழ்த்தப்பட்ட வகுப்பினரில் ஒருவரேனும் கட்டாயம் அமர வேண்டும். ஏனெனில் அறைபடுகிறவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். எந்த ஸ்டேஷனிலிருந்து எத்தனை பிராது, எத்தனை ருஜுவாயிற்று, என்ன தண்டனை என்று வருஷந்தோறும் சட்டசபையின் முன் அறிக்கை வைக்க வேண்டும்.

இதற்குப் புதிய கமிஷனோ புதிய வழக்கோ அவசியமில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆணையத்தின் அங்கத்தினர்களைச் சொல்லும் பிரிவுகளை நீக்கி, அவ்விடத்தில் 2006ஆம் ஆண்டுக் கட்டளையின் வாசகங்களை எழுதுகிற சிறு திருத்த மசோதா போதும். எதிர்க்கட்சியாக இருக்கும்போது லாக்கப் மரணத்தைக் கண்டித்து முழங்காத கட்சி தமிழ்நாட்டில் இல்லை. ஆகையால் ஆதரவுக்கும் குறைவிருக்க நியாயமில்லை. போலீஸ் மானியக் கோரிக்கை சபையில் விவாதத்துக்கு வரும் நாளில், வாகனங்கள் எத்தனை வாங்கினோம், புது ஸ்டேஷன்கள் எத்தனை திறந்தோம் என்று முதலமைச்சர் கணக்குச் சொல்லி முடித்த பிறகு, எந்தக் கட்சியைச் சேர்ந்த அங்கத்தினராயினும் ஒருவர் எழுந்து, அந்த மசோதா எப்போது வரும் என்று கேட்டு, பதிலைச் சபைக்குறிப்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.